12-இல் 5: ஹெவி மெட்டலும் பதின்வயது மனமும்

அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையிலான ஆண்பிள்ளைகளில் தற்கொலையால் இறந்தவர்கள் 1975-இல் லட்சத்துக்கு 12.0 பேர், 1990-இல் 18.1 பேர். 15 ஆண்டுகளில் 51 சதவீத உயர்வு. அதே வயதுப் பெண்பிள்ளைகளிடையே 2.9 ஆக இருந்த விகிதம் 3.7 ஆனது, இது 28 சதவீத உயர்வு. ஹெவி மெட்டல் சிறு அரங்குகளிலிருந்து விளையாட்டுத் திடல்களுக்குப் பெயர்ந்ததும் இதே 15 ஆண்டுகளில்தான். இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறுவதைக் கண்ட பெற்றோர் ஒன்றை மற்றதற்குக் காரணமாக எண்ணினார்கள். அதை வெறும் பீதி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 18.1 என்பது அவர்கள் தெருக்களில் இல்லாமல் போன பிள்ளைகளின் கணக்கு.

அந்த அச்சம் 1985-இல் ஒரு பட்டியலாக உருப்பெற்றது. வாஷிங்டனில் டிப்பர் கோர் உள்ளிட்ட 4 பெண்கள் தொடங்கிய பெற்றோர் அமைப்பு, பிள்ளைகளுக்கு ஆகாதவை என்று 15 பாடல்களைக் குறிப்பிட்டது. அவற்றில் 9 பாடல்கள் ஹெவி மெட்டல் அல்லது ஹார்ட் ராக் குழுக்களுடையவை. அதாவது 60 சதவீதம். 1985 செப்டம்பர் 19 அன்று செனட் குழு விசாரணை நடத்தியது. நவம்பர் 1-க்குள் இசைத்தட்டு நிறுவனங்கள் எச்சரிக்கை ஒட்டுச்சீட்டுக்கு இசைந்துவிட்டன. விசாரணைக்கும் உடன்பாட்டுக்கும் இடையே 43 நாட்கள். கட்டுப்பாடு வந்த பிறகுதான் ஆய்வுகள் பெருகின.

முதல் பத்தியின் கோட்டை 1990-க்கு அப்பால் நீட்டிப் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளைகளின் விகிதம் 18.1-லிருந்து 2007-இல் 10.8-க்கு இறங்கியது; 40 சதவீதக் குறைவு. இறக்கம் தொடங்கிய காலத்தில், 1991 ஆகஸ்டில், மெட்டாலிகா குழுவின் ஐந்தாவது தொகுப்பு வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் அது 1 கோடியே 60 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 2007-க்குப் பிறகு கோடு மீண்டும் ஏறியது: 2015-இல் ஆண்பிள்ளைகளுக்கு 14.2, அதாவது 31 சதவீத உயர்வு, பெண்பிள்ளைகளுக்கு 2.4-லிருந்து 5.1, அதாவது 113 சதவீத உயர்வு. மெட்டல் ரசிகர்களில் ஆண்களே மிகுதி. ஏற்றமோ பெண்பிள்ளைகளிடம் மூன்றரை மடங்கு அதிகம். 15 ஆண்டுக் கோடு சொன்னதை 40 ஆண்டுக் கோடு சொல்லவில்லை.

மெட்டலுக்கு எதிராக அதிகம் காட்டப்பட்ட எண் 51. ஸ்டீவன் ஸ்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல், 50 அமெரிக்க மாநிலங்களில் ஒரு மெட்டல் இதழுக்கு எத்தனை சந்தாதாரர்கள் என்பதையும் அந்தந்த மாநில இளைஞர் தற்கொலை விகிதத்தையும் ஒப்பிட்டார்கள். சந்தா மிகுந்த மாநிலங்களில் விகிதமும் மிகுந்திருந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் 51 சதவீதத்தை அவர்களது கணக்கு விளக்கியது. ஆனால் அந்த 51, சேர்க்கப்பட்ட எல்லாக் காரணிகளும் கூடிய விளக்கம். மெட்டலின் தனிப் பங்கு அல்ல. மேலும் 50 என்பது மாநிலங்களின் எண்ணிக்கை. சந்தா கட்டிய பிள்ளையும் இறந்த பிள்ளையும் ஒருவரா என்று மாநிலச் சராசரி சொல்லாது. இதே ஸ்டாக் 1998-இல் தனிநபர் தரவை எடுத்துக்கொண்டு, தற்கொலையை ஏற்கத்தக்கதாகக் கருதும் மனப்பாங்கை ஆராய்ந்தார். மெட்டல் ரசிகர்களிடம் அது கூடுதலாக இருந்தது. சமய ஈடுபாட்டின் அளவைக் கணக்கில் சேர்த்ததும் மெட்டலின் பங்கு மறைந்தது. தன் முந்தைய முடிவைத் தானே இன்னொரு தராசில் நிறுத்துப் பார்த்த ஆய்வாளர் என்பதால் அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு.

இப்படிப்பட்ட சராசரிகளால் எதையும் காட்டலாம் என்பதற்கு ஃபின்லாந்து என்ற முழு நாடே சான்று. 2012-இல் பரவலாகப் பேசப்பட்ட கணக்கெடுப்பின்படி அங்கே லட்சம் பேருக்கு 53.5 மெட்டல் குழுக்கள் இருந்தன. உலகில் அதுவே முதலிடம். 2006-இல் யூரோவிஷன் போட்டியை 292 புள்ளிகளுடன் வென்ற ஃபின்லாந்துக் குழுவான லார்டியும் மெட்டல் குழுவே. அந்நாட்டில் 1990-இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,500-க்கு மேல். 2020-இல் 750-க்குக் கீழ். மக்கள்தொகை 50 லட்சத்திலிருந்து 55 லட்சமானதால், விகிதம் லட்சத்துக்கு 30-லிருந்து 14-க்கும் கீழே வந்தது. மெட்டல் பெருகியது, மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. இதை வைத்து மெட்டல் உயிர்காக்கிறது என்று வாதிட்டால், 1994-இன் பிழையை நான் தலைகீழாகச் செய்தவன் ஆவேன். இந்த எண்ணிக்கை எல்லா வயதினருக்கும் உரியது. 1986 முதல் 1996 வரை அந்நாடு நடத்திய தற்கொலைத் தடுப்புத் திட்டமும் இடையில் இருக்கிறது.

எனவே கணக்கு நாடு, மாநிலம் என்ற அளவை விட்டுத் தனிப் பிள்ளைக்கு வர வேண்டும். ஜெஃப்ரி ஆர்னெட் 1991-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் துணிச்சல் மீறிய நடத்தைகள் 12-ஐ அளந்தார்: தாறுமாறாக வண்டி ஓட்டுதல், போதைப்பொருள், கடைத் திருட்டு, பொருட்சேதம் போன்றவை. மெட்டல் விரும்பும் ஆண்பிள்ளைகளிடம் இவற்றில் பல கூடுதலாக இருந்தன. குடும்ப உறவில் நிறைவு குறைவாக இருந்தது. பெண்பிள்ளைகளிடம் தன்மதிப்பும் குறைவாக இருந்தது. அடுத்து அவர், பரபரப்பை நாடும் இயல்பையும் குடும்ப உறவின் தரத்தையும் முதலில் கணக்கில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு மெட்டலைச் சேர்த்தார். 12-இல் 5 நடத்தைகளில் மட்டுமே மெட்டலின் தொடர்பு நிலைத்தது. மீதி 7, அதாவது 58 சதவீதம், கழிந்துபோயிற்று.

இந்த 5-ஐயும் 7-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். 7-ஐ மட்டும் எடுத்தால் மெட்டலுக்குப் பங்கே இல்லை என்றாகும். 5-ஐ மட்டும் எடுத்தால் பழைய குற்றச்சாட்டு திரும்பும். இரண்டு காரணிகளைச் சேர்த்ததிலேயே பாதிக்கு மேல் கரைந்தது. வறுமை, பள்ளித் தோல்வி, வீட்டு வன்முறை ஆகியவற்றையும் சேர்த்திருந்தால் 5 எவ்வளவாகியிருக்கும் என்பதை ஊகிக்க நான் விரும்பவில்லை. திசை மட்டும் தெரிகிறது: பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய தகவல் கூடக் கூட, இசையின் எண் சுருங்குகிறது.

அதே திசையில் 87 பேரின் கணக்கு ஒன்று உண்டு. டுக், வைஸ் இருவரும் 1994-இல் 87 பதின்வயதினரையும் அவர்களது பெற்றோரையும் கேட்டனர். மெட்டல், ராப் ரசிகர்களிடம் குறைந்த மதிப்பெண், நடத்தைச் சிக்கல், போதைப் பழக்கம், கைது ஆகியவை கூடுதலாக இருந்தன. ஆண், பெண் வேறுபாட்டைச் சரிசெய்ததும் பெரும்பாலானவை நீங்கின. தங்கியவற்றுள் இரண்டு முக்கியமானவை: தொடக்கப் பள்ளியிலேயே சராசரிக்குக் கீழான மதிப்பெண், அதே தொடக்கப் பள்ளியில் ஆலோசகரிடம் அனுப்பப்பட்ட வரலாறு. 8 வயதில் வாய்ப்பாடு வராமல் தவித்த பிள்ளை 14 வயதில் மெட்டல் கேட்கிறான். 6 ஆண்டு முன்னால் நடந்ததற்கு 6 ஆண்டு பின்னால் வந்தது காரணமாக முடியாது. நான் படித்தவற்றுள் மனத்தைவிட்டு அகலாத எண் இந்தச் சிறிய 87-தான்.

கனடாவின் கியூபெக்கில் 2001-இல் எரிக் லகூர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 275 உயர்நிலை மாணவர்களை ஆராய்ந்தார்கள். மற்ற ஆபத்துக் காரணிகளைச் சேர்த்த பிறகு, மெட்டல் விருப்பத்துக்கும் தற்கொலை அபாயத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எஞ்சவில்லை. பெண்பிள்ளைகளில், உள்ளே அடைந்திருப்பதை இசைவழி வெளியேற்றியவர்களுக்கு அபாயம் குறைவாகவே இருந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான எண் 309. நெதர்லாந்தில் டாம் தெர் போக்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 309 பிள்ளைகளை 12 வயது முதல் 16 வயது வரை 4 முறை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். 12 வயதில் உரத்த, எதிர்ப்புக் குரல் கொண்ட இசையை விரும்பியவர்கள் 16 வயதில் சிறு திருட்டு, பொருட்சேதம் போன்றவற்றில் கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள். 12 வயதின் சிறு குற்றங்களைவிட 12 வயதின் இசை விருப்பமே 16 வயதை நன்கு முன்னறிவித்தது. இங்கே காலவரிசை இசைக்கு எதிராக நிற்கிறது. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அந்த உரத்த இசைப் பட்டியலில் மெட்டலுடன் பங்க், காதிக், ஹிப்-ஹாப், மின்னணு நடன இசை ஆகியவையும் இருந்தன. இத்தனை வேறுபட்ட ஓசைகள் ஒரே விளைவோடு சேர்ந்து வரும்போது, பொதுக் காரணத்தை ஓசைக்கு வெளியே, கூடும் நண்பர் கூட்டத்தில் தேடுவது பொருத்தம். ஆய்வாளர்களின் விளக்கமும் அதை ஒட்டியதே.

சதவீதத்துக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்பது எப்போதும் நல்லது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் 1,258 இளையோரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வு, மெட்டலுக்குப் பக்கத்து உறவான காதிக் பண்பாட்டோடு தங்களை இறுக அடையாளப்படுத்தியவர்களில் 53 சதவீதம் பேர் தம்மைத் தாமே காயப்படுத்தியிருந்தார்கள் என்றும், 47 சதவீதம் பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள் என்றும் கண்டது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் 15 பேர். 53 சதவீதம் என்பது 8 பேர். 47 சதவீதம் என்பது 7 பேர். ஒருவர் மாறினால் எண் 6.7 சதவீதப் புள்ளி அசையும். இப்படிச் சொல்வதால் அந்த 8 பேரின் துன்பம் சிறிதாகிவிடாது. 8 பேரின் துன்பத்தை ஒரு பண்பாட்டின் இயல்பாக எழுதக்கூடாது என்பதே என் வாதம்.

மனநிலைக்கு வருவோம். இங்கே அளவை நிமிடங்களில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மன், ஜெனிவிவ் டிங்கிள் இருவரும் 2015-இல் வெளியிட்ட சோதனையில் 39 பேர். வயது 18 முதல் 34. எல்லோரும் கடும் மெட்டல் போன்ற இசையின் ரசிகர்கள். முதலில் 16 நிமிடம், கோபமூட்டிய நிகழ்வுகளைப் பேச வைத்தார்கள். பிறகு ஒரு பகுதியினர் 10 நிமிடம் தாங்களே தேர்ந்த பாடல்களைக் கேட்டார்கள். மற்றவர்கள் 10 நிமிடம் அமைதியாக உட்கார்ந்தார்கள். பகைமை, எரிச்சல், மன இறுக்கம் இரண்டு பகுதியினரிடமும் தணிந்தன. இசை கேட்டவர்களின் நாடித்துடிப்பு மட்டும் இறங்காமல் நின்றது. அமைதியில் இருந்தவர்களுக்கு இறங்கியது. உடல் ஏறிய நிலையிலேயே நிற்க, கோபம் இறங்குகிறது. கதவுக்கு வெளியே நிற்கும் தாய்க்குக் கேட்பது ஏறிய நிலை மட்டுமே. இறங்கியது உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். ஆனால் 39 பேரும் ரசிகர்கள், பதின்வயதைக் கடந்தவர்கள் அல்லது அதன் விளிம்பில் நிற்பவர்கள். 14 வயதுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

எதிர் முடிவும் ஆய்வகத்திலிருந்தே வந்தது. கிரெய்க் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் 500-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் 5 சோதனைகள் நடத்தினர். வன்முறை வரிகள் கொண்ட பாடலைக் கேட்டவர்களிடம் பகை உணர்வும் வன்முறை சார்ந்த எண்ணங்களும் உயர்ந்தன. 500 பெரியது, 39 சிறியது. ஆனால் 500 பேருக்கு ஆய்வாளர் தேர்ந்த பாடல். 39 பேருக்குத் தாங்கள் தேர்ந்த பாடல். விரும்பாத இசை எரிச்சலூட்டும் என்பதும், விரும்பிய இசை ஆற்றும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட சோதனையில் 80 பேர்: வன்முறை மெட்டலின் ரசிகர்கள் 32, ரசிகர் அல்லாதோர் 48. ஒரு கண்ணுக்கு வன்முறைப் படமும் மறு கண்ணுக்குச் சாதாரணப் படமும் காட்டினால் மனம் வன்முறைப் படத்தையே முதலில் பற்றும். ஆபத்தைக் கவனிக்கும் இயல்பு அது. ஆண்டுக்கணக்கில் அந்த இசையைக் கேட்டும் 32 பேரிடமும் அந்த இயல்பு மழுங்கவில்லை. மற்ற 48 பேருக்கு இணையாகவே இருந்தது.

வரிகளைப் பற்றி ஓர் எண் போதும். 1980-களில் கலிபோர்னியாவில் பிரின்ஸ்கி, ரோசன்பாம் இருவரும் மாணவர்களிடம் அவர்கள் மிக விரும்பும் பாடல்களின் பொருளைக் கேட்டனர். 37 சதவீதப் பாடல்களுக்கு அவர்களால் பொருள் சொல்ல முடியவில்லை. செனட் குழு வரி வரியாக வாசித்தது. பிள்ளைகள் அப்படிக் கேட்கவில்லை.

இனி, இசையைக் குற்றவாளியாக்கியதன் செலவு. 1985 டிசம்பர் 23 அன்று நெவாடா மாநிலத்தில் 18, 20 வயது இளைஞர்கள் இருவர் தங்களை மாய்த்துக்கொள்ள முயன்றனர். ஒருவர் அன்றே இறந்தார். மற்றவர் 1988-இல் இறந்தார். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 1978-ஆம் ஆண்டுத் தொகுப்பில் மறைவான கட்டளை ஒன்று ஒலிக்கிறது என்று குடும்பத்தார் 62 லட்சம் டாலர் இழப்பீடு கோரினர். ரீனோவில் 1990 ஜூலை 16-இல் தொடங்கிய விசாரணை ஆகஸ்ட் 24-இல் முடிந்தது; 40 நாட்கள். வழக்கு தள்ளுபடியானது. ஆவணங்களை ஒப்படைப்பதில் தவறியதற்காக இசைத்தட்டு நிறுவனம் 40,000 டாலர் வழக்குச் செலவு கட்டியது, கோரியதில் 0.65 சதவீதம். பின்னோக்கி ஓட்டிய ஒலிநாடாவையும் தனித்தனியாகப் பிரித்த ஒலித்தடங்களையும் நீதிமன்றம் கேட்டது. அந்த இருவரின் வீட்டு வன்முறை, பள்ளியை விட்டது, போதைப் பழக்கம் ஆகியவையும் அதே அரங்கில் சொல்லப்பட்டன. அவை புதிய செய்திகள் அல்ல. 1985-க்கு முன்பே நிகழ்ந்தவை.

அதைவிடப் பெரிய செலவு அர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸில். 1993 மே மாதம் 8 வயதுச் சிறுவர்கள் 3 பேர் கொல்லப்பட்டனர். ஜூன் 3 அன்று 16, 17, 18 வயதுடைய மூவர் கைதாயினர். அரசுத் தரப்பின் கையில் இருந்தவற்றுள், நீண்ட விசாரணையில் ஒருவரிடம் பெற்று அவர் பின்னர் மறுத்த வாக்குமூலம் ஒன்று. கறுப்புச் சட்டை, மெட்டல் பாடல் வரிகள், மாந்திரீக நூல்கள் ஆகியவையும் சாத்தான் வழிபாட்டின் அடையாளங்களாக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. 18 வயது டேமியன் எக்கல்ஸுக்கு மரண தண்டனை. மற்ற இருவருக்கும் ஆயுள். 2007-இல் வெளியான மரபணுச் சோதனைகளில் எதுவும் மூவரோடும் பொருந்தவில்லை. தாங்கள் குற்றமற்றவர்கள் என்று சொல்லிக்கொண்டே அரசுச் சான்றின் வலுவை ஒப்பும் ஒரு சட்ட ஏற்பாட்டின் கீழ் 2011 ஆகஸ்ட் 19 அன்று மூவரும் வெளியே வந்தனர். தலைக்கு 18 ஆண்டு 78 நாள். மூவருக்கும் சேர்த்து 54 ஆண்டு 234 நாள். கொல்லப்பட்ட 3 சிறுவர்களுக்கான நியாயம் இன்றுவரை கணக்கில் ஏறவில்லை.

இதே வகைச் சந்தேகத்தில், மொராக்கோவின் காசாபிளாங்காவில் 2003-இல் மெட்டல் இசைஞர்களும் ரசிகர்களுமாக 14 பேர் தண்டிக்கப்பட்டனர். 1 மாதம் முதல் 12 மாதம் வரை சிறை. மேல்முறையீட்டில் 11 பேர் விடுதலையாயினர், 79 சதவீதம்.

சட்டையைப் பார்த்துப் பிள்ளையை அறியலாம் என்ற எண்ணத்தின் பிழை எவ்வளவு? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. இதன் இரண்டு அளவுகள் என் அனுமானம். 1 லட்சம் ஆண்பிள்ளைகளில் 10,000 பேர் மெட்டல் ரசிகர்கள் என்று கொள்வோம். அவர்களது அபாயம் மற்றவர்களைப்போல் 2 மடங்கு என்றும் கொள்வோம். 2015-இன் 14.2 என்ற விகிதத்தை இப்படிப் பிரித்தால், ரசிகர் அல்லாதோருக்கு லட்சத்துக்கு 12.9, ரசிகர்களுக்கு 25.8 வரும். 10,000 ரசிகர்களில் ஆண்டுக்கு 2.6 பேர், மற்ற 90,000 பேரில் 11.6 பேர். அபாயம் இரட்டிப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகும், ரசிகர்களில் 9,997 பேரைத் தவறாகச் சந்தேகித்து, இறப்புகளில் 82 சதவீதத்தைக் காணாமல் விட்டிருப்போம்.

சட்டையைவிடக் கூர்மையான அடையாளம் ஒன்று 1993-இலேயே கிடைத்துவிட்டது. தென் ஆஸ்திரேலியாவில் கிரஹாம் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் 138 ஆண்பிள்ளைகள், 109 பெண்பிள்ளைகள், ஆக 247 பத்தாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்தார்கள். ராக், மெட்டல் விருப்பத்துக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருந்தது, பெண்பிள்ளைகளிடம் கூடுதலாக. முன்பே இருந்த மனநலச் சிக்கலும் குடும்பச் சிக்கலும் அந்தத் தொடர்பில் ஒரு பகுதியை விளக்கின. மிகுந்த அபாயத்தில் இருந்தவர்கள், விரும்பிய இசையைக் கேட்டு முடித்ததும் முன்னைவிடச் சோகமானவர்கள். 1999-இல் ஷீல், வெஸ்ட்ஃபெல்ட் இருவரும் 121 மாணவர்களைக் கேட்டபோது, மெட்டல் ரசிகர்களிடம் வாழ்வதற்கான காரணங்கள் குறைவாகவும் தற்கொலை பற்றிய எண்ணம் கூடுதலாகவும் இருந்தன. ஆனால் இசை கேட்டதும் மனம் தேறியது என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். இரண்டு ஆய்வுகளும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: கேட்டு முடித்ததும் எப்படி இருக்கிறாய்? இதைக் கேட்கச் செனட் விசாரணை தேவையில்லை. வீட்டில் ஒருவருக்கு 1 நிமிடம் போதும். சோகம் கூடுகிறது என்று பதில் வந்தால், இசைப்பெட்டியை நிறுத்துவதைவிட மருத்துவரிடம் அழைத்துச் செல்வது முதல் வேலை.

1980-களின் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்பதற்கு 2015-இல் ஒரு கணக்கு வந்தது. டாஷா ஹோவும் உடன் ஆய்வாளர்களும் 377 பேரிடம் தகவல் திரட்டினார்கள்: அந்தக் கால மெட்டல் ரசிகர்கள், இசைஞர்கள், அவர்களோடு சுற்றியவர்கள், ஒப்பிடுவதற்கு அதே வயதுடைய மற்றவர்கள், இன்றைய கல்லூரி மாணவர்கள். மெட்டல்காரர்களின் இளமையில் துயரமும் ஆபத்தும் நிறைய இருந்தன. ஆனால் தங்கள் இளமை மகிழ்ச்சியாக இருந்தது என்றும், இப்போது நன்றாக வாழ்கிறோம் என்றும், ஒப்பீட்டுக் குழுக்களைவிட அவர்களே கூடுதலாகச் சொன்னார்கள். கேள்வித்தாள் ஃபேஸ்புக் வழியாகக் கைமாறியது. பதில் எழுதியவர்கள் அதுவரை உயிரோடு இருந்தவர்கள். 1985-இல் 18, 20 வயதாக இருந்தவர்களுக்கு 2015-இல் 48, 50 வயது. நெவாடாவின் அந்த இருவரும் 377-இல் இல்லை.